மேலவிளை வீடு (வாட்ஸ்அப் குரூப்)

சனிக்கிழமை, காலை 5:48

சுனில் தோஹா: லதா முழிச்சாச்சா

சுனில் தோஹா: நமக்க காமிரா ரெக்கார்டு பண்ணுக பெட்டில, அந்த டிவிஆர்ல, பழசு எத்தன நாள் நிக்கும்? நேத்து ஆப்புல பாத்தப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருந்துது. இப்ப திங்கள் சாயங்காலத்துக்கு முன்ன ஒண்ணும் வரல்ல.

லதா: இப்பதான் எந்திச்சேன். ராத்திரி கரண்டு ரெண்டு தடவ போச்சு. என்ன வேணும் அண்ணா

சுனில் தோஹா: போன வாரம் புதன்கிழமை காலைல அப்பா ரப்பர் பால்வெட்டப் போனது அதுலதான் கெடக்கு. கடைசியா நடந்து போனது. அழிஞ்சிரப்பிடாது.

ராஜமணி மாமா: வெள்ளிக்கிழமை கருமாதி அடியந்திரத்துக்கு எல 300 போதுமா 350 சொல்லணுமா. எலைக்காரன் இன்னைக்கே கேக்கான்

லதா: 350 மாமா

தங்கம் மாமி: 🙏🙏

ஜெயன் கோவை: அண்ணே, இது அவசரம். கணக்கு சொல்லுகேன், எல்லாரும் பொறுத்து வாசிங்க. நாலு காமிரா. ஒவ்வொண்ணும் நொடிக்கு 2 மெகாபிட் எழுதுது. அப்பம் ஒரு மணிக்கூருக்கு 0.9 ஜிபி, ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நாலுக்கும் சேத்து 86 ஜிபி. உள்ள கெடக்கது 1 டிபி டிஸ்க், பதினொண்ணரை நாள்ல நெறஞ்சிரும். நெறஞ்சா அது யாருட்டயும் கேக்காது, பழசுக்க மேலயே புதுச எழுதிட்டுப் போவும். புதன் விடியக்காலம் உள்ளது நாளைக்கு சாயங்காலம் ஏழு மணியோட போச்சு. அண்ணன் வந்து பாக்கலாம்னு வச்சா ஒண்ணும் இருக்காது.

சுனில் தோஹா: எனக்கு டிக்கெட்டே வார புதன்தான். அடக்கத்துக்கும் வரமுடியல்ல. இதாவது வேணும்டே.

லதா: நான் ஒண்ணும் அழிக்கல்ல

சுனில் தோஹா: அப்பிடி யாரு சொன்னா

ராஜமணி மாமா: காலங்காத்தால வேண்டாம் பிள்ளைகளே

சுனில் தோஹா: ஜெயா, 4 டிபி எக்ஸ்டர்னல் ஒண்ணு வாங்கி டிவிஆர்ல சொருகிவிட்டா எல்லாம் அதுல போய் விழும்லா? பைசா நான் அனுப்புகேன். அஜய்ய மார்த்தாண்டத்துக்கு விடு.

ஜெயன் கோவை: விழாது அண்ணே. நம்ம பெட்டிக்க யுஎஸ்பி மவுசுக்கும் காப்பி எடுக்கதுக்கும் உள்ளது. நேரா அதுல ரெக்கார்டு பண்ணாது. சில பெரிய பெட்டில பின்னால இசாட்டானு தனி வழி உண்டு, அதுல வெளி டிஸ்க் போடலாம். நமக்கு இல்ல, அன்னைக்கு கடைல வாங்கும்போதே பாத்தேன். இன்னொண்ணு, யுஎஸ்பி 2 வழியா வாறது 500 மில்லியாம்ப் கரண்டுதான். எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு பலதுக்கும் அது காணாது, டிக் டிக்னு சத்தம் போட்டு நிக்கும். அப்பிடியே ஓடினாலும் கடைல வாறது என்டிஎஃப்எஸ் இல்லேனா எக்ஸ்ஃபேட்னு உள்ள ஃபார்மேட். இந்தப் பெட்டிக்கு ஃபேட்32தான் தெரியும். நாள் கூடணும்னா உள்ள இருக்க டிஸ்க்க மாத்தணும். காமிராக்குன்னே உள்ள டிஸ்க் உண்டு, ராப்பகலா எழுதினாலும் தாங்கும். 4 டிபி போட்டா 46 நாள். ஆனா பெட்டி 4 டிபி வரைக்கும் எடுக்குமானு அடில ஒட்டினதுல பாக்கணும். புது டிஸ்க்க பெட்டி மொதல்ல ஃபார்மேட் பண்ணும், அதுல பயம் இல்ல. பழச கழத்தி அப்பிடியே பொதிஞ்சு வைக்கலாம். அத மட்டும் கம்ப்யூட்டர்ல சொருகப்பிடாது. கம்ப்யூட்டருக்கு அது புரியாது, ஃபார்மேட் பண்ணட்டானு கேக்கும். யாராவது சரினு அமுக்கினா தீந்துது.

தங்கம் மாமி: எனக்கு ஒண்ணும் புரியல்ல மக்கா. அண்ணன் முகம் தெரியுமா அதுல

ஜெயன் கோவை: தெரியும் மாமி

ராஜமணி மாமா: பாயசம் ரெண்டா மூணா. அடப்பிரதமன், சிறுபயறு. பால் பாயசமும் வேணும்னு சம்பந்தக்காரு சொல்லுகாரு

லதா: ரெண்டு போதும் மாமா. அப்பாக்கு சிறுபயறுதான் இஷ்டம்

சுனில் தோஹா: அப்ப டிஸ்க் மாத்த கடைல இருந்து ஆள வரச்சொல்லு

லதா: வேண்டாம். போன தடவ வந்த பையன் டிஸ்க்க தொடச்சுக் குடுத்துட்டுப் போனான். ரப்பர் சீட்டு எடுத்தவன் முகம் அதுல இருந்துது. அப்பா மூணு நாள் அதையே சொல்லிட்டு இருந்தாவ.

லதா: சீட்டு களவுபோவதுக்குத்தான் காமிரானு சொன்ன. மூணு காமிரா சீட்டு காயப்போடுக புகைப்புரைப் பக்கம். நாலாவது அடுக்களைத் திண்ணைக்கு எதுக்குனு இன்னைக்கு வரைக்கும் நீ சொல்லல்ல.

சுனில் தோஹா: அப்பா அங்கதான் இருந்து காப்பி குடிப்பாவ. அதுக்குதான். உன்னைய பாக்க இல்ல.

லதா: இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்

ஜெயன் கோவை: அக்கா, இத பெறவு பேசுவோம். அஜய் எங்க?

அஜய்: இருக்கேன் சின்ன மாமா

ஜெயன் கோவை: மொதல்ல மவுச எடு. மெனு, ஸ்டோரேஜ், அதுல ஓவர்ரைட்னு ஒண்ணு இருக்கும். அத ஆஃப் பண்ணு. டிஸ்க் நெறஞ்சுதான் கெடக்கு, அதனால ரெக்கார்டிங் அப்பவே நிக்கும். படம் டிவில தெரியும், எழுதாது.

லதா: பந்தல்காரங்க வருவாவ. ஒட்டுப்பால் மூட்டை வெளியதான் கெடக்கு

ராஜமணி மாமா: மூட்டைய நான் பாத்துக்கிடுகேன். பிள்ளை சொல்லது மாதிரி செய்யி

அஜய்: ஆஃப்

ஜெயன் கோவை: நல்ல பிள்ளை. இனி பென்டிரைவ்

அஜய்: 64 போட்டேன். டிவைஸ் இல்லனு காட்டுது

ஜெயன் கோவை: அது எக்ஸ்ஃபேட். பழசு ஏதும் இருக்கா

அஜய்: தாத்தாக்க பாட்டுப் பென்டிரைவ் இருக்கு 16 ஜிபி. டிவில சொருகிக் கேப்பாவள்லா அது

சுனில் தோஹா: பாட்டு அழியாதா?

ஜெயன் கோவை: ஃபார்மேட் பண்ணாண்டாம். எடம் இருந்தா போதும். ஒரு காமிரால ஒண்ணரை மணிக்கூருனா 1.35 ஜிபிதான். அஜய், புகைப்புரைக் காமிரா, புதன் 5ல இருந்து 6.30. எம்பி4னு கேட்டா அத குடு. வேற குடுத்தா அவனுக்க பிளேயர் இல்லாம போன்ல ஓடாது.

அஜய்: 5.20க்கு போட்டுப் பாத்தேன். நாய் மட்டும் படுத்திருக்கு

சுனில் தோஹா: அப்பா 5.20க்கு எறங்கிருவாவ. ஒரு நாள் தப்பாது. எனக்கு இங்க 2.50. நைட் டூட்டில டீ குடிக்க வெளிய வருவேன், போன்ல பாப்பேன்.

ஜெயன் கோவை: டிவிஆர் மணி இப்ப எத்தன காட்டுது?

அஜய்: 7.31. போன்ல 7.13

ஜெயன் கோவை: 18 நிமிசம் முந்திப் போவுது. 5.38 பாரு

தங்கம் மாமி: கேக்கவும் செய்யுமா மக்கா, அண்ணன் பேசது

ஜெயன் கோவை: இல்ல மாமி. நம்ம காமிராக்கு மைக் கிடையாது.

தங்கம் மாமி: எனக்க போன்ல அண்ணன் பேசினது கெடக்கு. தேங்கா இட ஆள் விடச் சொல்லி

தங்கம் மாமி: 🎤 0:14

காலை 7:26

சுனில் தோஹா: மாமி அத அழிச்சிராதீங்க

லதா: நான் அடுக்களைல வச்சுக் கேட்டேன். நாய் எந்திச்சு முன்வாசலுக்குப் போச்சு

அஜய்: தாத்தா இருக்காவ. 5.37

அஜய்: அம்மா இங்க வா

காலை 7:52

சுனில் தோஹா: அனுப்பு மக்ளே

சுனில் தோஹா: அஜய்

ஜெயன் கோவை: டாக்குமெண்டா அனுப்பு. வீடியோவா போட்டா வாட்ஸ்அப் அமுக்கி மங்கலாக்கிரும்.

லதா: அண்ணா, நான் பாத்துட்டேன். சொல்லிட்டு அனுப்புகேன். ஹெட்லைட் போட்டு வாளியும் கத்தியும் எடுத்துட்டு வாறாவ. புகைப்புரைத் தூணு கிட்ட வாளிய கீழ வைக்காவ. தூண பிடிச்சிட்டு நிக்காவ. ஒரு நிமிசத்துக்கு மேல. நெஞ்ச தடவுகாவ. பெறவு வாளிய எடுத்துட்டு வெட்டப் போறாவ. மத்தியானம்தான் எனக்கிட்ட சொன்னாவ வலிக்குனு. நான் அந்நேரம் ஒறங்கிட்டு இருந்தேன்.

ஜெயன் கோவை: அக்கா

ராஜமணி மாமா: மக்கா லதா, உனக்க அம்மை போன பெறவு பத்து வருசம் அவருக்கு சோறு போட்டது நீ. இத மனசுல வைக்காத

சுனில் தோஹா: லதா, நான் அன்னைக்கு டூட்டி மாறி நின்னேன். அந்த ஒரு நாள் பாக்கல்ல. பாத்திருந்தா உனக்கு போன் போட்டிருப்பேன். உனக்க தப்பு இல்ல.

லதா: தினம் காமிராவ பாத்து கை காட்டுவாவ. உனக்காக்கும்

சுனில் தோஹா: தெரியும். நான் இங்க இருந்து திருப்பிக் காட்டுவேன்.

லதா: புதன்கிழமை காட்டல்ல

தங்கம் மாமி: 😭

சுனில் தோஹா: அஜய், செவ்வாய்க்கிழமையும் எடு மக்ளே. திண்ணைல காப்பி குடிக்கதும்

அஜய்: சரி பெரிய மாமா. அது வேற காமிரா, ரெண்டு தடவ பென்டிரைவ்ல ஏத்தணும்

ஜெயன் கோவை: எல்லாம் முடிஞ்சா மெனு வழியா ஷட்டவுன் குடு. பிளக்க பிடுங்காத. கரண்டு போய் வந்தா டிஸ்க்குக்கு கெடுதல். பென்டிரைவ்ல ஒண்ணு, லேப்டாப்புல ஒண்ணு, ரெண்டு எடத்துல இருக்கணும். நான் இன்னைக்கு ராத்திரி ரெயிலுக்கு வாறேன். டிஸ்க் நான் கழத்துகேன், வேற யாரும் தொடாண்டாம்.

சுனில் தோஹா: 4 டிபி வாங்கிட்டு வா

லதா: புதுசு அடியந்திரம் கழிஞ்சு போதும். அந்த நாலாவது காமிராவப் பத்தி பேசிட்டு போடலாம்

சுனில் தோஹா: சரி. நான் வந்துட்டு

ராஜமணி மாமா: எல 350 சொல்லியாச்சு. மட்டிப்பழம் எத்தன கொல?

அஜய்: செவ்வாய் 5.36

அஜய்: 📄 செவ்வாய்_புகைப்புரை.எம்பி4

அஜய்: கை காட்டுகாவ

காலை 8:40

சுனில் தோஹா: பாத்தேன்

லதா: ஜெயா, ஓவர்ரைட் திருப்பி ஆன் பண்ணணுமா வேண்டாமா? பந்தல்காரன் வந்தாச்சு

ஜெயன் கோவை: நான் வார வரைக்கும் ஒண்ணும் தொடாத அக்கா

ராஜமணி மாமா: பழம்?