நிலக்கீழ் ரயில் அதிர்வு: இறப்பர் அடித்தட்டு போதுமா, மிதக்கும் தளம் வேணுமா?

உவர்மலை_குடிசார்:
வணக்கம். இது ஒரு வடிவமைப்பு ஒப்படை, இடம் கற்பனை. திருகோணமலையில் நிலத்துக்குக் கீழே ரயில் ஓடப்போவதில்லை எண்டு எனக்கும் தெரியும், அந்தப் பகிடியை விட்டுவிடுங்கோ.

சுரங்கம் 15 மீற்றர் ஆழம், நேர் மேலே இசை மண்டபம். வேகம் மணிக்கு 60 கி.மீ. அச்சுச் சுமை 14 தொன். வண்டியின் தொங்கு வில்லுக்குக் கீழே உள்ள திணிவு ஒரு சில்லுக்கு 700 கிலோ. யூஐசி 60 தண்டவாளம், கொங்கிறீற் தளம், தண்டவாளத்தைத் தளத்தோடு பிடிக்கும் பிணைப்புகள் 0.6 மீற்றருக்கு ஒன்று. மண்டபத் தரையில் உச்சம் 40, 63 ஹேர்ட்ஸ் பட்டைகளில் வருகிறது. பிணைப்பின் விறைப்பு இப்போது மில்லிமீற்றருக்கு 80 கிலோநியூட்டன். தண்டவாளத்துக்கு அடியில் இறப்பர் அடித்தட்டு போட்டு 15க்கு இறக்கினால் போதும் எண்டு நினைக்கிறன். குழுவில் ஒருவர் மிதக்கும் தளம்தான் (பாதையின் கொங்கிறீற் தளம் முழுவதையும் வில்லிலோ இறப்பரிலோ தாங்குவது) வேணும் என்கிறார். செலவோ பல மடங்கு. எது சரி?

சல்லிக்கல்:
15க்கு இறக்கினால் 63 குறையும், 40 கூடும்.

சில்லின் திணிவும் அதற்குக் கீழே உள்ள தண்டவாளத்தின் வில்தன்மையும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஒத்திசையும், அதாவது அங்கே அதிர்வு பெருகும். அந்த அதிர்வெண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேலேதான் தணிப்புத் தொடங்கும். அதற்குக் கீழே பயன் இல்லை, ஒத்திசையும் இடத்தில் நட்டம்.

மீள்தளத்தின் மேல் கிடக்கும் நீண்ட வளையாகத் தண்டவாளத்தை எடுத்து, உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். விறைப்பு 80 என்றால் ஒத்திசைவு ஏறக்குறைய 80 ஹேர்ட்ஸ். 15 என்றால் 43. அதாவது 40 ஹேர்ட்ஸ் உச்சத்தின் தலையிலேயே கொண்டுபோய் வைக்கிறீர்கள். தணிப்பு 60க்கு மேலே தொடங்கும், ஆகவே 63இல் கிடைப்பதும் சொற்பம்.

இன்னொன்று. விற்பனைப் பட்டியலில் பெரிய எழுத்தில் போடுவது நிலையியல் விறைப்பு, அசையாத சுமையில் அளந்தது. அதிர்வுக்கு வேண்டியது அதிரும் சுமையில் அளந்த இயக்க விறைப்பு, இறப்பரில் அது எப்போதும் கூட. பட்டியலில் 15 என்று பார்த்து வாங்கினால் சுரங்கத்தில் 20 ஆக இருக்கலாம். எந்தச் சுமையில், எந்த அதிர்வெண்ணில் அளந்தது என்று கேட்காமல் அந்த எண்ணைக் கணக்கில் போடாதேங்கோ.

நிலாவெளி_பாதை:
சல்லிக்கல் சொன்னது சரி. ஆனால் மிதக்கும் தளத்துக்குப் பாயும் முன் விறைப்பு மி.மீ.க்கு 5 கிலோநியூட்டன் உள்ள பிணைப்பு வகையையும் பார்க்க வேணும். பண்ட்ரோல் வான்கார்ட் அந்த இனம். தண்டவாளத்தை அடியில் தாங்காமல், இடுப்பில் (தலைக்கும் அடிக்கும் நடுவே) இரண்டு பக்கமும் இறப்பர் ஆப்பு வைத்துப் பிடிக்கும். அதனால் செங்குத்தாக நல்ல மென்மை கிடைக்கும், தண்டவாளம் பக்கவாட்டில் சரியவும் மாட்டாது. அடியில் மட்டும் இவ்வளவு மென்மையான இறப்பர் வைத்தால் தலை சரிந்து பாதை அகலம் விரியும்.

அதே கணக்கில் 5க்கு ஒத்திசைவு 28 ஹேர்ட்ஸ். சில்லின் கீழ் தண்டவாளம் 3.1 மி.மீ. அமிழும் (80இல் வெறும் 0.4). கேட்க நல்லாயிருக்கு. ஆனால் மணிக்கு 60 கி.மீ. என்றால் செக்கனுக்கு 16.7 மீற்றர், 0.6ஆல் பிரித்தால் 27.8. சில்லு ஒவ்வொரு பிணைப்பையும் கடக்கும் அதிர்வெண் ஒத்திசைவின் மேலேயே விழுகிறது! வேகத்தை அல்லது இடைவெளியை மாற்றினால் தப்பலாம், ஆனாலும் 40 ஹேர்ட்ஸில் தணிப்பு அப்போதுதான் தொடங்கும். அத்தோடு மிக மென்மையான பிணைப்பில் தண்டவாளம் கூடுதலாக அதிர்ந்து பெட்டிக்குள் சத்தம் ஏறும், தலையில் அலைத்தேய்மானமும் வரலாம். அதை அரைத்து எடுக்காவிட்டால் போட்ட இறப்பரின் பலன் முழுக்க அந்த அலையிலேயே போய்விடும்.

உவர்மலை_குடிசார்:
இரண்டு பேருக்கும் நன்றி. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான கால்வாய்ச் சுரங்கத்தில் இருப்பதுபோல இறப்பர் சப்பாத்துப் போட்ட சிலிப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் கட்டை) சரிவராதா? இல்லாவிட்டால் மிதக்கும் தளத்துக்கான எண்களை எப்படித் தொடங்குவது?

சல்லிக்கல்:
சப்பாத்துச் சிலிப்பர் நல்ல சாமான், தேய்ந்தால் கழற்றி மாற்றலாம். ஆனால் இசை மண்டபத்துக்கு அது காணாது. லண்டனில் எலிசபெத் ரயில் பாதை பார்பிக்கன் கலை மையத்துக்குக் கீழே போகும் இடத்தில் மிதக்கும் தளம்தான் போட்டார்கள்.

தளத்துக்கு 3.2 மீ. அகலம், 0.35 மீ. தடிப்பு எடுங்கோ. மீற்றருக்கு 1.12 கன மீற்றர், 2800 கிலோ. ஒத்திசைவுக்கு இலக்கு 10 ஹேர்ட்ஸ் என்றால், ஒரு மீற்றர் நீளத்துக்கு வேண்டிய விறைப்பு மி.மீ.க்கு 11 கிலோநியூட்டன். தாங்கிகளை 1.2 மீற்றருக்கு ஒரு சோடி வைத்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 6.6. தளம் தன் பாரத்தில் 2.5 மி.மீ. அமிழ வேணும், தூக்கி வைத்தபின் அந்த அளவு வரவில்லை என்றால் எங்கேயோ முட்டுகிறது. தணிப்பு 14 ஹேர்ட்ஸிலேயே தொடங்கும். 40இல் காகிதத்தில் 23 டெசிபெல் வரும். நடைமுறையில் அவ்வளவு எதிர்பாராதேங்கோ, சுரங்கத்தின் அடியும் மண்ணும் முற்றாக விறைப்பானவை அல்ல.

பிழைப்பது கணக்கில் இல்லை, கட்டும்போது. சுரங்க அடியில் பொலித்தீன் விரித்து அதன்மேல் தளத்தை வார்த்து, கொங்கிறீற் பலம் எடுத்தபின் யாக்கால் 30, 40 மி.மீ. தூக்கி வில்லையோ இறப்பரையோ நுழைப்பார்கள். அந்த இடைவெளியில் ஒரு கை சாந்து இறுகிக் கிடந்தாலே அதிர்வு அதன் வழியாக நேரே இறங்கும். வடிகால் அடைத்து சேறு நிரம்பினாலும் அதே கதி. ஆகவே நடு வடிகாலும், மூடி போட்ட பார்வைத் துளைகளும் முதல் வரைபடத்திலேயே இருக்க வேணும். தளத்தையும் சுரங்கச் சுவரையும் ஒன்றாகப் பிடித்த கேபிள் குழாய், ஓரத்தில் ஊற்றிய நடைபாதை, இவையும் அதே வேலையைப் பார்க்கும். முடிவில் சாதாரண பாதையோடு சேரும் இடத்தில் தாங்கிகளை நெருக்கி, விறைப்பைப் படிப்படியாக ஏற்றுங்கோ.

தளத்தின் தடிப்பும் இடைவெளியும் தண்டவாள மட்டத்தை உயர்த்தும். சுரங்க விட்டம் முடிவான பிறகு இந்த யோசனை வந்தால் இடம் இருக்காது.

கடற்காற்று:
இடையில் ஒரு கேள்வி. எங்கட ஸ்டேசன் பக்கம் ரயில் வரும்போது வீடு நடுங்குது. கல்லுக்குக் கீழே இறப்பர் பாய் விரிக்கேலாதா?

நிலாவெளி_பாதை:
விரிக்கலாம், ஆனால் சல்லி முழுவதையும் அள்ள வேணும். அந்தப் பாய் பலன் தருவது 30, 40 ஹேர்ட்ஸுக்கு மேலே. மணல் நிலத்தில் வீடு நடுங்குவது பெரும்பாலும் அதைவிடக் கீழே, அங்கே பாய் உதவாது. முதலில் பார்க்க வேண்டியது தண்டவாள மூட்டு. மூட்டுக்குக் கீழே சல்லி தளர்ந்து சிலிப்பர் தொங்கினால் ஒவ்வொரு சில்லும் அங்கே குத்தும். சல்லியை இடித்து இறுக்கி மட்டமாக்கினாலே வித்தியாசம் தெரியும். மூட்டைப் பற்றவைத்தால் இன்னும் நல்லது. தட்டையான சில்லு உள்ள பெட்டி என்றால் டக், டக் என்று ஒரே தாளத்தில், ரயில் முழுக்கப் போகும்வரை கூடவே வரும். அது பாதையின் குற்றம் இல்லை, சில்லைக் கடைந்தால்தான் தீரும்.