"உன்னையே நீ அறிவாய்" சொன்னது சாக்ரடீஸா?

கல்வெட்டுப்பித்தன்: நேற்று இங்கே ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். தாடி வைத்த சிலை, கீழே கொட்டை எழுத்தில் "உன்னையே நீ அறிவாய் - சாக்ரடீஸ்". அது சாக்ரடீஸ் சொன்னதே இல்லை. கிரேக்க நாட்டில் டெல்பி என்ற ஊரில் அப்பல்லோ கடவுளின் கோயில் முன்மண்டபத்தில் எழுதி வைத்திருந்த வாசகம். சாக்ரடீஸ் அதைப் படித்தவர், அவ்வளவுதான். எத்தனை வருஷம் இந்தத் தவறையே சுற்றில் விடுவது?

பரணிக்கரை: படம் போட்டவன் நான்தான். "ஒருவர்" என்று சுற்றி வளைக்க வேண்டாம். எங்கள் அப்பா கோயில் கொடையில் சாக்ரடீஸ் வேஷம் கட்டியவர். வெள்ளை வேட்டியைத் தோளில் சுற்றிக்கொண்டு, விஷக் கிண்ணத்துக்குப் பித்தளை டம்ளரைப் பிடித்தபடி இந்த வசனத்தைச் சொல்வார். கூட்டம் அப்படியே அடங்கிவிடும். ஊரே சாக்ரடீஸ் என்கிறது, நீங்கள் மட்டும் இல்லை என்கிறீர்கள்.

கல்வெட்டுப்பித்தன்: அப்பா நடிப்பை நான் குறை சொல்லவில்லை. மேடை வேறு, ஆதாரம் வேறு. சாக்ரடீஸின் சீடர் செனபோன் எழுதியதைப் பாருங்கள். யூதிடெமஸ் என்று ஒரு பையன், புத்தகங்களாகச் சேர்த்து வைத்துக்கொண்டு எல்லாம் தெரியும் என்று இருப்பவன். "டெல்பிக்குப் போயிருக்கிறாயா?" என்று கேட்கிறார் சாக்ரடீஸ். "இரண்டு தடவை." "கோயிலில் 'உன்னை அறி' என்று எழுதியிருந்ததே, பார்த்தாயா?" "பார்த்தேன்." "அதைப் பற்றி யோசித்தாயா?" "அதுதான் எனக்குத் தெரியுமே என்று விட்டுவிட்டேன்." அப்புறம் சாக்ரடீஸ் குதிரை வாங்குகிறவனை உதாரணம் காட்டுகிறார். அடங்குமா முரண்டு பிடிக்குமா, வலுவானதா நோஞ்சானா, ஓடுமா ஓடாதா என்று பார்க்காமல் எவனும் குதிரையைத் தெரியும் என்று சொல்ல மாட்டான். உன்னை மட்டும் பார்க்காமலே தெரியும் என்கிறாயே என்று. தானே சொன்ன வாக்கியமாக இருந்தால் "கோயிலில் பார்த்தாயா" என்று ஏன் கேட்கப் போகிறார்?

மலைக்கோட்டை: கல்வெட்டு தானாக முளைக்காது ஐயா. ஒரு மனுஷன் சொல்லியிருக்க வேண்டும். அது கிரேக்கத்தின் ஏழு ஞானிகளில் ஒருவரான தேலிஸ். தத்துவ ஞானிகளின் வரலாற்றைத் தொகுத்த டயோஜெனீஸ் லேர்ஷியஸ் எழுதியிருக்கிறார்.

கல்வெட்டுப்பித்தன்: அதே பக்கத்தில் அடுத்த வரியையும் படியுங்கள். பெமோனோ என்ற பெண் சொன்னதை, ஏழு ஞானிகளில் இன்னொருவரான கிலோன் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டார் என்று வேறொருவர் சொல்வதாக இருக்கிறது. போன மாதம் ஸ்டோயிக் தத்துவம் பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் பாதியை மட்டும் எடுத்துப் போட்டீர்கள்.

மலைக்கோட்டை: அதை இன்னும் மறக்கவில்லையா? அன்றைக்கு நான் சொன்னதும் சரிதான். இன்றைக்கும் தேலிஸ்தான்.

பரணிக்கரை: தேலிஸ், கிலோன், பெமோனோ. உங்களுக்குள்ளேயே மூன்று பெயர் ஓடுகிறது. யார் என்றே தெரியாதவர்கள் சாக்ரடீஸ் இல்லை என்று மட்டும் எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?

கல்வெட்டுப்பித்தன்: சாக்ரடீஸே சொல்கிறார் என்பதால். அவருடைய சீடர் பிளேட்டோ எழுதிய புரோடகோரஸ் என்ற உரையாடல் நூலில் அவர் வாயாலேயே வருகிறது: ஏழு ஞானிகள் டெல்பியில் ஒன்றுகூடி "உன்னை அறி", "எதிலும் மிகை வேண்டாம்" என்ற இரண்டையும் அப்பல்லோவுக்குக் காணிக்கையாக எழுதி வைத்தார்கள் என்று. சாக்ரடீஸ் பிறந்தது கி.மு. 470 வாக்கில். தேலிஸும் கிலோனும் அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முந்தியவர்கள்.

பரணிக்கரை: அது பிளேட்டோ எழுதியது. சாக்ரடீஸ் தன் கையால் ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் சொல்லவில்லை என்பதற்கு அவர் கையெழுத்து இருக்கிறதா?

தாழம்பூ: அந்த வாசகத்துக்கு என்ன அர்த்தம் என்று யாராவது பேசுவீர்களா? நாம் எல்லோரும் "உனக்குள்ளே பார்" என்று எடுத்துக்கொள்கிறோம். பிளேட்டோவின் கார்மிடிஸ் நூலில் கிரிட்டியாஸ் என்பவன் வேறு மாதிரி சொல்கிறான்: கோயிலுக்குள் வருகிறவனைக் கடவுள் இந்த வாசகத்தின் மூலம் "வணக்கம்" என்று வரவேற்காமல் "அடக்கத்தோடு இரு" என்று வரவேற்கிறாராம். நீ மனிதன், சாகிறவன், அந்த அளவில் நில் என்று பொருள் கொண்டவர்களும் உண்டு. எனக்கு இதுதான் முக்கியமாகத் தெரிகிறது.

மலைக்கோட்டை: அர்த்தம் அப்புறம். முதலில் தேலிஸ் என்பதை ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வண்டிமேடு: அங்கே மூன்றாவதாக ஒரு வாசகமும் உண்டே. "ஜாமீன் நின்றால் கேடு பக்கத்தில்." நான் நண்பனை நம்பி ஒரு பைனான்ஸில் ஜாமீன் கையெழுத்துப் போட்டு மூன்று வருஷம் அவன் தவணையைக் கட்டினேன். ரசீதுகளை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். என்னைக் கேட்டால் மூன்றிலும் பெரிய ஞானம் அதுதான்.

தாழம்பூ: அது ஞானமா? எல்லோரும் கையை விரித்துவிட்டால் இல்லாதவனுக்கு யார்தான் ஜாமீன் நிற்பது?

வண்டிமேடு: கட்டினது நான். நீங்கள் இல்லை.

கல்வெட்டுப்பித்தன்: விஷயத்துக்கு வாருங்கள். ஆப்கானிஸ்தானில் ஆய் கானூம் என்ற கிரேக்க நகரம். கிளியார்கஸ் என்பவர் டெல்பி வாசகங்களைப் பார்த்து எழுதிக்கொண்டு போய் அத்தனை தூரத்தில் கல்லில் வெட்டி வைத்தார். 1966இல் அந்தக் கல்லின் பீடம் கிடைத்தது. குழந்தையாய் இருக்கும்போது ஒழுங்கோடு இரு, இளமையில் அடக்கத்தோடு, நடுவயதில் நியாயத்தோடு, முதுமையில் நல்ல யோசனை சொல், சாகும்போது வருந்தாதே என்று ஐந்து வரி மிஞ்சியிருக்கிறது. முன்னோர் வாக்கு, டெல்பியில் இருப்பது என்றுதான் அதில் அறிமுகம். சாக்ரடீஸ் பெயர் இல்லை.

பரணிக்கரை: நீங்கள் சொன்ன ஐந்து வரியில் "உன்னை அறி"யே இல்லையே! இதை வைத்தா சாக்ரடீஸ் சொல்லவில்லை என்கிறீர்கள்?

மலைக்கோட்டை: இது சரியான கேள்வி.

கல்வெட்டுப்பித்தன்: நான் எதற்குச் சொன்னேன் என்று புரிந்துகொள்ளாமலே இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டீர்கள். மறுபடி சொல்கிறேன், கோயிலில் இருந்தது. பிளேட்டோவின் பைட்ரஸ் நூலிலும் சாக்ரடீஸ், டெல்பி எழுத்து சொல்கிறபடி என்னை அறிய எனக்கு இன்னும் முடியவில்லை என்கிறார். டெல்பி எழுத்து! படத்தை நீக்க வேண்டாம், பெயரை மட்டும் மாற்றுங்கள்.

பரணிக்கரை: மாற்ற மாட்டேன். இன்றைக்கே மறுபடியும் போடுகிறேன், இந்தத் தடவை அப்பா வேஷத்தில் இருக்கிற படத்தோடு.

மலைக்கோட்டை: போடுகிறதுதான் போடுகிறீர்கள், தேலிஸ் என்று போடுங்கள்.