மொரீஷியஸ் தைப்பூசத்துக்குப் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு போகலாமா?

டர்பன்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். வரும் தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு மொரீஷியஸ் போகிறோம். மச்சினன் அங்கேதான் வேலையில் இருக்கிறான், முதல் தடவையாகக் காவடி எடுக்கிறான், காத்ர் போர்ன் பக்கம் கோர் தெ கார்து மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்கு. இங்கே தென்னாப்பிரிக்காவில் எங்கள் பக்கத்துக் காவடிக்கெல்லாம் நான்தான் படம் எடுப்பேன், அதனால் கேமராவை விட்டுவிட்டுப் போக மனசே வரவில்லை.

என்னிடம் இருப்பது சோனி ஏ7 ஃபோர் கேமரா, கூட மூன்று லென்ஸ்: 70-200 ஜி மாஸ்டர் (இரண்டாவது மாடல்), 24-70 ஜி மாஸ்டர் (அதுவும் இரண்டாவதுதான்), அப்புறம் சின்ன 35 எம்எம் ஒன்று. தவணை இன்னும் முடியவில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் விமானம் மாற வேண்டும், அங்கே ஏதாவது காணாமல் போனால் என்ன செய்வது, மழைக்காலத்தில் நனைந்துவிட்டால் என்ன செய்வது, திரும்பி வரும்போது சுங்கத்தில் இதை எங்கே வாங்கினாய் என்று மடக்கினால் என்ன சொல்வது, இப்படியே யோசித்துக்கொண்டு இருக்கிறேன். மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: போன் போதும், நீங்கள் படம் எடுத்துக்கொண்டு நின்றால் பிள்ளையை யார் பார்ப்பது? அவள் கேட்பதும் நியாயம்தான். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மாரிட்ஸ்பர்க்:

கொண்டு போங்கள் தம்பி, ஆனால் எல்லாவற்றையும் இல்லை. 70-200 வீட்டில் இருக்கட்டும். அது ஒன்றே ஒரு கிலோவுக்கு மேல், 24-70 கிட்டத்தட்ட 700 கிராம், பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) 658 கிராம். பை, பேட்டரி, சார்ஜர் என்று சேர்த்தால் மூன்று கிலோ வந்துவிடும். கையில் எடுத்துப் போகும் பெட்டிக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் விடுகிறார்கள், பிள்ளையின் சாமானும் அதில்தான் போக வேண்டும். எடை கூடிப்போய் கேமரா பையைச் செக்-இன்னில் போடச் சொன்னார்கள் என்றால் அங்கேதான் ஆபத்து. பாடியையும் லென்ஸையும் எந்தக் காரணத்துக்காகவும் செக்-இன்னில் போடாதீர்கள். உபரி பேட்டரியைச் செக்-இன்னில் போடவே கூடாது, அது விதி. சோனி பேட்டரி 16 வாட் ஹவர் சொச்சம்தான், 100 வரை கைப்பெட்டியில் தடை கிடையாது, முனைகளில் மட்டும் டேப் ஒட்டிவிடுங்கள்.

சரி, லென்ஸ் விஷயம். 70-200 மாதிரி தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் யாருக்கு வேண்டும்? கூட்டத்துக்கு வெளியே நின்று எடுக்கிறவருக்கு. நீங்கள் வீட்டு ஆள், காவடிக்காரர் கூடவே நடக்கப் போகிறவர். அலகு குத்தும் நேரத்தில் ஒரு கை தூரத்தில் நிற்பீர்கள். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்குவது, கன்னத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும் பெரியவரின் விரல், இதெல்லாம் 35 எம்எம்மில்தான் வரும். அந்தக் கோயிலுக்குப் படியேற வேண்டும், அதுவும் வெறுங்காலோடு, வெயிலில், கூட்டத்தோடு. கழுத்தில் இரண்டு கிலோவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறினால் பாதியிலேயே படம் எடுக்கும் ஆசை போய்விடும். 35 எம்எம் 280 கிராம்தான், பாடியோடு சேர்த்தாலும் ஒரு கிலோ வராது.

சுங்கத்துக்குப் பயப்பட வேண்டாம். டிஏ 65 என்று ஒரு படிவம் இருக்கிறது. நாட்டை விட்டுக் கிளம்பும் முன் விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் கேமராவைக் காட்டி, சீரியல் எண்ணைப் பதிந்து முத்திரை வாங்கி வைத்துக்கொண்டால், திரும்பி வரும்போது இது நான் இங்கிருந்து கொண்டு போனதுதான் என்று காட்டிவிட்டு வரலாம். பொருளை நேரில் பார்க்காமல் முத்திரை போட மாட்டார்கள், அதனால் கையில் வைத்துக்கொண்டு போங்கள். வாங்கிய பில்லையும் போனில் படமெடுத்து வையுங்கள்.

லெனேசியா:

நான் காப்பீட்டு வேலையில் இருக்கிறேன், அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். கேமராவைக் கொண்டு போகலாமா என்று எங்களைக் கேட்பதற்கு முன் உங்கள் பாலிசியைத் திறந்து பாருங்கள். வீட்டுச் சாமான் பாலிசி இருந்தால் கேமராவும் அதில் அடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டை விட்டு வெளியே போனால் பொதுவாக அப்படி இல்லை. ஆல் ரிஸ்க்ஸ் பகுதியில், அதாவது வீட்டுக்கு வெளியே கொண்டு போகும் பொருளுக்கான பகுதியில், பாடி தனியாக, ஒவ்வொரு லென்ஸும் தனியாக, சீரியல் எண்ணோடு எழுதியிருக்க வேண்டும். வெளிநாட்டிலும் செல்லுமா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னது உதவாது. பயணக் காப்பீடு வேறு எடுத்திருப்பீர்கள், அதில் மொத்தத் தொகை பெரிதாகத் தெரியும், ஆனால் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று தனி உச்சவரம்பு போட்டிருப்பார்கள். இந்த விலைக் கேமராவுக்கு அது பெரும்பாலும் பாதிகூட வராது.

இன்னொன்று, வாடகைக் காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பூட்டை உடைத்த அடையாளம் இருந்தால்தான் பணம் என்று நம் ஊர்ப் பாலிசிகள் பலவற்றில் இருக்கிறது. காரைப் பூட்டும் ரிமோட்டின் சிக்னலைத் தடுத்துத் திருடுகிறார்களே, அந்த மாதிரித் திருட்டில் காரில் ஒரு கீறல்கூட இருக்காது. திருட்டுப் போனால் அங்கேயே போலீஸில் புகார் எழுதி எண் வாங்கிவிட வேண்டும், ஊருக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் முடிந்தது.

பீனிக்ஸ் அக்கா:

நான் உங்கள் மனைவி பக்கம் தம்பி. மொரீஷியஸில் தைப்பூசம் பொது விடுமுறை, கூட்டம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சின்னப் பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் கேமராவா? காவடி பகல் வெளிச்சத்தில்தான் போகிறது, இப்போதைய போன் நல்ல வெயிலில் எடுக்கும் படத்தைக் குறை சொல்லவே முடியாது. ஊரில் இருக்கும் பாட்டிக்கு உடனே அனுப்பவும் போன்தான் வேண்டும்.

அப்படியும் கொண்டு போவதானால் யார் எப்போது பிள்ளையைப் பார்ப்பது என்று கிளம்பும் முன்பே பேசி முடிவு பண்ணிவிடுங்கள், அங்கே போய்ச் சண்டை வேண்டாம். முக்கியமாக, மச்சினனைக் கேட்டீர்களா? விரதம் இருந்து மனசை ஒருமைப்படுத்தி நிற்கிறவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டினால் அவருக்கு எப்படி இருக்கும்? எங்கள் வீட்டிலும் காவடி எடுக்கிறார்கள், சிலருக்கு அது பிடிப்பதே இல்லை.

டர்பன்வாசி:

அக்கா, நேற்று ராத்திரியே மச்சினனைக் கேட்டேன். எடுங்கள் அத்தான், ஆனால் அலகு குத்தும்போது சத்தம் வரக் கூடாது, பக்கத்தில் வேறு யாரையும் அவர்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்றான். இதில் சத்தமில்லாத ஷட்டர் உண்டு, அதைப் போட்டுக்கொள்கிறேன். அலகு குத்துவதில் இருந்து ஊர்வலம் கிளம்பும் வரை மட்டும் நான் கேமராவோடு, அதற்குப் பிறகு பிள்ளை என்னிடம் என்று மனைவியிடம் ஒப்புக்கொண்டாகிவிட்டது. பாடியும் 35 எம்எம்மும் மட்டும்தான் வருகிறது. பாலிசியில் பாடி இருக்கிறது, 35 எம்எம் இல்லை, இன்றைக்கே சேர்க்கச் சொல்கிறேன். மழைக்கு என்ன செய்வது?

மாரிட்ஸ்பர்க்:

ஜனவரி, பிப்ரவரி அங்கே புயல் பருவம், திடீரென்று கொட்டும். பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றும் துண்டு ஒன்றும் பையில் இருக்கட்டும். மழையைவிட ஏசி அறைதான் தொல்லை. ஏசியில் இருந்து எடுத்த கேமராவை அப்படியே புழுக்கத்தில் திறந்தால் லென்ஸ் முழுக்கப் பனி படிந்துவிடும், டர்பனில் நீங்களே பார்த்திருப்பீர்கள். காலையில் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே பையை மூடினபடி வெளியே வைத்துவிடுங்கள்.

ஏ7 ஃபோரில் இரண்டு கார்டு போடலாம் இல்லையா, இரண்டிலும் ஒரே படம் பதிகிற மாதிரி வைத்து, ராத்திரி ஒரு கார்டைக் கழற்றி மனைவியின் கைப்பையில் கொடுத்துவிடுங்கள். கேமரா போனால் காப்பீடு இருக்கிறது, முதல் காவடிப் படம் போனால் போனதுதான். கடற்கரைக்குக் கேமரா வேண்டாம், மணலுக்கு போன் போதும். அங்கே சார்ஜர் செருக நம் மூன்று குண்டு முனை பிளக் சேராது, இங்கிலாந்து மாதிரி சதுர முனை அடாப்டர் ஒன்று இங்கேயே வாங்கிவிடுங்கள்.