மறுமொழி: மைட்டோஃபேஜிக்கு ‘இழைமணிக் களைவு’ சரிவருமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

உயிரணு தனக்குள் இருக்கும் இழைமணிகளை, அதாவது ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகளை, தானே கரைத்து ஒழிப்பதுதான் மைட்டோஃபேஜி. அதற்குத் தமிழில் ‘இழைமணிக் களைவு’ என்ற சொல்லைப் போன வாரம் இங்கே கொண்டுவந்து போட்டவன் நான்தான். ஆதரவும் கிடைத்தது. இப்போது நானே அதை வேண்டாம் என்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பழுதான இழைமணியைத் தேடிப் பிடுங்கி எறிவதால் ‘களைவு’ மிகப் பொருத்தம். வயல் தெரிந்தவனுக்கு விளக்கமே வேண்டாம்.

ஐயா, உங்கள் இந்த வரியைப் படித்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. பழ ஈ ஆய்வுகளைப் பற்றிய பகுதியைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் சொல் இடறியது.

பார்க்கின் என்ற மரபணு கெட்டால் இளவயதிலேயே பார்க்கின்சன் நோய் வருகிறது என்று 1998இல் ஜப்பானியர்கள் கண்டார்கள். 2003இல் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், பார்க்கின் இல்லாத ஈக்களை உருவாக்கிப் பார்த்தார்கள். பறக்கும் தசை சிதைந்திருந்தது. ஆண் ஈக்கள் மலடு, ஆயுளும் குறைவு. தசைக்குள் இழைமணிகள் வீங்கி, உள்மடிப்புகள் குலைந்து கிடந்தன. நரம்பு நோயைத் தேடிப் போனவர்களுக்கு இழைமணி இப்படித் தசையில் அகப்பட்டது. 2006இல் லாஸ் ஏஞ்சலிஸ் குழு ஒன்றும் தென்கொரியாவின் கைஸ்ட் குழுவும் பிங்க்1 என்ற இன்னொரு மரபணுவை நீக்கிப் பார்த்தன. அதே தசைக் கேடு, அதே மலட்டுத்தன்மை. பிங்க்1 இல்லாத ஈக்குப் பார்க்கினைக் கூடுதலாகக் கொடுத்தால் தேறியது. பார்க்கின் இல்லாத ஈக்குப் பிங்க்1ஐக் கொடுத்துப் பயனில்லை. ஒரே வாய்க்காலில் பிங்க்1 மேல்மடை, பார்க்கின் கீழ்மடை.

2008இல் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில், வளர்ப்பு உயிரணுக்களில் அடுத்த படி தெரிந்தது. மின்னழுத்தம் இழந்த இழைமணியின்மேல் பார்க்கின் போய்க் குவிகிறது. பிறகு அந்த இழைமணி ஒரு சவ்வுப் பைக்குள் சுருட்டப்பட்டு, உயிரணுவின் செரிப்புப் பையான லைசோசோமில் கரைகிறது. இதுவரைக்கும் ‘களைவு’ அழகாகத்தான் உட்கார்ந்தது.

அப்புறம் 2018. கேம்பிரிட்ஜ் குழு ஒன்று ஒளிரும் புரதத்தின் உதவியால் ஈக்களின் திசுக்களில் மைட்டோஃபேஜியை நேரடியாகப் பார்த்தது. பிங்க்1, பார்க்கின் இரண்டில் எது இல்லாவிட்டாலும் அன்றாட மைட்டோஃபேஜி ஏறக்குறைய அப்படியே நடந்தது. அதே ஆண்டு பெல்ஜியத்தின் லூவன் குழு வேறொரு ஒளிர்புரதத்தைக் கொண்டு, வயது ஏற ஏறக் கூடவேண்டிய மைட்டோஃபேஜி இந்த ஈக்களில் கூடவில்லை என்றது. இதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் எது பழுது, யார் பொறுக்குகிறார்கள், எதற்காக என்பதெல்லாம் இன்னும் தீராத வழக்காக இருக்கும்போது, நம் கலைச்சொல் முந்திக்கொண்டு ‘களை’ என்று முத்திரை குத்தலாமா?

சிவப்பணுவை எடுத்துக்கொள்ளுங்கள். முதிரும்போது தன் இழைமணிகள் அத்தனையையும் அது ஒழித்துவிடுகிறது. நல்லது கெட்டது பார்ப்பதில்லை. அதுவும் மைட்டோஃபேஜிதான். வயலை முழுக்க உழுது போடுவதை யாரும் களையெடுப்பு என்று சொல்லமாட்டார்கள்.

சரி, வேறென்ன? ‘செரிப்பு’ பார்த்தேன். ‘இழைமணிச் செரிப்பு’ என்றால் செரிப்பது இழைமணியா, செரிக்கப்படுவது இழைமணியா? இலக்கண உரைகளில் வரும் ‘புலிகொல் யானை’ கதைதான்: புலியைக் கொன்ற யானையா, புலி கொன்ற யானையா? ‘விழுங்கல்’ உயிரணு வெளிப்பொருளை உள்ளிழுக்கும் ஃபேகோசைட்டோசிசுக்கு வேண்டும், அதைத் தொடவேண்டாம். ‘தின்னல்’ கடித்து மெல்லுவது போலத் தொனிக்கிறது. எனக்குப் பிடித்தது ‘உண்ணல்’. ஊனுண்ணி, புல்லுண்ணி என்று உயிரியலில் ஏற்கெனவே பழகிய வேர். ‘கள்ளுண்ணாமை’ என்று குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. அதைப் படித்து யாரும் கள் எதையோ உண்ணவில்லை என்று புரிந்துகொள்வதில்லை. ஆக, உயிரணு தன் பாகங்களையே கரைக்கும் ஆட்டோஃபேஜி தன்னுண்ணல், மைட்டோஃபேஜி இழைமணியுண்ணல். பார்க்கின் இல்லாத ஈக்கு என்ன குறை என்று கேட்டால் ‘இழைமணியுண்ணல் குறைவு’ என்று லூவன்காரர்கள் சொல்லலாம், ‘அதெல்லாம் இல்லை’ என்று கேம்பிரிட்ஜ்காரர்கள் மறுக்கலாம். சொல் இருவருக்கும் பொது.

மூலச் சொல்லும் இங்கே நமக்குத் துணை. 1898இல் கார்ல் பெண்டா கிரேக்கத்தில் இழையையும் மணியையும் சேர்த்துத்தான் மைட்டோகாண்ட்ரியா என்று பெயர் வைத்தார். ‘இழைமணி’ அதையே சொல்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மைட்டோகாண்ட்ரியா என்றே எழுதிப் பழகியவர்களுக்கு முதல் தடவை அந்தப் பெயரையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்துச் சொன்னால் போதும்.

*

> தம்பி, களையை விட மனமில்லை. ஆனாலும் சிவப்பணு வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று கேட்கிறேன். இதே வரிசையில், உயிரணு தன் கொழுப்பைக் கரைக்கும் லிப்போஃபேஜி ‘கொழுப்புண்ணல்’ ஆகுமே. மருத்துவரிடம் திட்டு வாங்கப் போகும் ஆளைப் போலல்லவா இருக்கிறது? இன்னொன்று, ‘பழ ஈ’ என்றால் எங்கள் ஊரில் மாம்பழத்தில் புழு வைக்கும் ஈ.

ஐயா, சிரித்துவிட்டேன். ‘அகக் கொழுப்புண்ணல்’ என்று ஒரு சொல் முன்னால் போட்டுக்கொள்ளலாமா? உயிரணுவுக்குள் நடப்பது தெரிந்துவிடும்.

ஈயைப் பற்றி நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. மாம்பழத்தைக் கெடுப்பது வேறு குடும்பம். ஆய்வகத்து டிரோசோபிலா அழுகிப் புளித்த பழத்தை மொய்க்கும் சின்ன ஈ. ஆங்கிலத்திலேயே சிலர் அதைக் காடியின் (வினிகர்) பெயரால்தான் அழைக்கிறார்கள். ‘காடி ஈ’ என்று எழுதிப் பார்க்கிறேன். காடி என்றால் சென்னைப் பிள்ளைகளுக்குப் புரியுமா என்பதுதான் கவலை. ‘புளிப்பு ஈ’?