ஹாங்காங் ஆபீஸில் காதில் விழும் "ஜோ மா": என்ன அர்த்தம், எங்கே சொல்லலாம்?

கேள்வி: புரமோஷன் லிஸ்ட் வந்தாலும் லக்கி டிரா ரிசல்ட் வந்தாலும் "ஜோ மா"ன்னு சிரிக்கிறாங்களே, என்னங்க அது?

பதில் 1: ஹாங்காங்கில் பேசற கான்டனீஸ் மொழியில் இது குதிரைப் பந்தயச் சொல்லுங்க. "ஜோ"ன்னா உண்டாக்கறது, "மா"ன்னா குதிரை. ஜெயிக்கிற குதிரையை முன்னாடியே பேசி முடிச்சுட்டு, ஊருக்காக ஒரு ஓட்டம் ஓட்டறது. இங்கே ஹேப்பி வேலி பந்தய மைதானத்தில் 1846லிருந்தே பந்தயம் நடக்குது, அதனால பேச்சிலும் குதிரை நுழைஞ்சிடுச்சு. இப்போ அழகிப் போட்டி, விருது விழா எல்லாத்துக்கும் இதே சொல்தான். முதல் அசை தாழ்வா, சமமா வரணும்; ரெண்டாவது தாழ்வில் தொடங்கி ஏறணும். ரெண்டாவதை உயர்த்தி நீட்டினா "அம்மாவா இருக்கறது" ஆகிடும்!

பதில் 2: ஒரு திருத்தம். வேலைக்கு ஆளை உள்ளுக்குள்ளேயே முடிவு பண்ணிட்டு, பேருக்கு இன்டர்வியூ வெச்சா அதுக்குச் சரியான சொல் "நொய் டிங்". பந்தாட்டத்தில் வேணும்னே தோத்தா "டா கா போ". "ஜோ மா" கொஞ்சம் காரம் கூடினது. யாரோ திருட்டுத்தனம் பண்ணிட்டாங்கன்னு நேரா குற்றம் சாட்டுது. டின்னர் மேசையில் லக்கி டிராவுக்குச் சொன்னா சிரிப்பாங்க. மேனேஜர் பேரோட ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிடாதீங்க, அவதூறுன்னு திரும்பும்.

பதில் 3: நிஜமாவே அப்படி நடந்திருந்தா, காரணத்தைப் பொறுத்துத்தான் வழி. தெரிஞ்சவருக்கு வேலை கொடுத்தது மட்டும் குற்றம் இல்லை. கம்பெனிக்குத் தெரியாம காசோ பரிசோ வாங்கிட்டுக் கொடுத்திருந்தா லஞ்சத் தடைச் சட்டம் 9ஆம் பிரிவு. ஊழல் தடுப்பு ஆணையமான ஐசிஏசியோட 24 மணி நேர எண் 25266366. இனம், நிறம், வம்சாவளிக்காக ஒதுக்கினாங்கன்னா சம வாய்ப்பு ஆணையம். நடந்த 12 மாசத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கணும். இன்டர்னல் மெயிலுக்குப் பதில் வரட்டும்னு காத்திருந்தே பலர் இந்தக் கெடுவைத் தவற விடறாங்க. அந்த வேலைக்குத் தேவையே இல்லாத அளவுக்குக் கான்டனீஸ் கேட்டிருந்தா, அதுவும் மறைமுகப் பாகுபாடாகலாம். விளம்பரத்தை அன்னிக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, ஆள் கிடைச்சதும் தூக்கிடுவாங்க. இன்டர்வியூவில் யார் என்ன கேட்டாங்கன்னு தேதியோட குறிச்சு வைங்க.