ஏசி வேலை: சம்பளத்தை விட்டுவிட்டுத் தனியாகப் போகலாமா?

சிங்காநல்லூர்க்காரன்:

வணக்கம். கோவையில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஏசி டெக்னீஷியனாக இருக்கிறேன், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். ஐடிஐ முடித்த கையோடு சேர்ந்தது, இந்த டிசம்பரோடு 9 வருடம் 3 மாதம் ஆகிறது. மொத்தச் சம்பளம் 20,500, அதில் பேசிக் 14,000. பிஎஃப், இஎஸ்ஐ போகக் கையில் 18,600 சொச்சம் வரும். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை, யூகேஜி படிக்கிறாள்.

போன ஏப்ரலில் நான்கு ஞாயிற்றுக்கிழமையும் வெளியே தனியாக வேலை பார்த்தேன். பெட்ரோல், கேஸ் செலவு போக 11,000 ரூபாய் நின்றது. அதாவது ஒரு நாளைக்கு 2,750. மாதம் 26 நாள் என்று போட்டால் 71,500. அவ்வளவு வராது என்று எனக்கும் தெரியும், பாதி வந்தாலே இப்போது வாங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தை பிறந்ததும் பேப்பர் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். மனைவி யோசிக்கச் சொல்கிறாள், மாமனார் வேண்டவே வேண்டாம் என்கிறார். தனியாகப் போனவர்கள் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

பழைய கேஜ்:

தம்பி, நானும் கோவைதான், கவுண்டம்பாளையம் பக்கம். தனியாக வந்து 14 வருடம். முதலில் அந்த 71,500-ஐ அழித்துவிடு. ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை என்பது நம் தொழிலில் வருடத்தின் மிக நல்ல நாள். அதை 26-ஆல் பெருக்குவது தீபாவளிக்கு முந்தின நாள் வியாபாரத்தை வைத்து ஜவுளிக்கடைக்காரர் வருடக் கணக்குப் போடுகிற மாதிரி.

சென்னையில் செப்டம்பர் வரைக்கும் ஏசி ஓடும். நம் ஊரில் அப்படியா? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜூன் மாதம் திறந்துகொண்டதும் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்துவிடுவார்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை, மூன்று மாதம் சொச்சம், அவ்வளவுதான் சீசன். போன ஏப்ரலில் எனக்கு ஒரு நாளைக்கு ஏழு கால் வந்தது, தலை சீவ நேரமில்லை. போன நவம்பரில் மாதம் முழுக்கவே 19 கால். 14 வருடம் பழகின ஆளுக்கு இது, புதிதாக வருகிற உனக்கு எத்தனை வரும் என்று நீயே பார்த்துக்கொள்.

அப்புறம் ரிப்பீட் கால். கம்பெனியில் இருக்கும்போது நீ போட்ட ஃபிளேர் நட்டில், அதாவது பைப் இணைப்பில், லீக் வந்தால் கம்பெனி கேஸில் திரும்ப ஏற்றுவாய், திட்டு மட்டும் உனக்கு. தனியாக வந்தால் கேஸும் உன்னுடையது, பெட்ரோலும் உன்னுடையது, போகிற அரை நாளும் உன்னுடையது. இன்வெர்ட்டர் ஏசி போர்டு மாற்றிக் கொடுத்து இரண்டாம் வாரம் வோல்டேஜ் ஏறிப் போர்டு போய்விட்டால் கஸ்டமர் ஈபியைக் கேட்கமாட்டார், உன்னைத்தான் கேட்பார். எனக்கு ஒரே வருடத்தில் இப்படி மூன்று போர்டு கைக்காசில் போனது, இத்தனைக்கும் அது நான் நன்றாகச் சம்பாதித்த வருடம்.

குளிர்கால மாதங்களுக்கு வாட்டர் ஹீட்டர் வேலை பழகிக்கொள். சிறுவாணித் தண்ணீர் வராத ஏரியாக்களில் போர் தண்ணீரின் உப்பு எலிமெண்டில் அப்படியே பாறை மாதிரி பிடித்திருக்கும், அந்த வேலை நவம்பர் டிசம்பரில்தான் வரும். வாஷிங் மெஷினும் தெரிந்திருந்தால் ஜூலை ஆகஸ்ட்டை ஓட்டிவிடலாம்.

வரவு செலவு:

நான் சின்னத் தொழில்காரர்களுக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பவன். தேதி விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். பிஎஃபில் முதலாளி பங்கிலிருந்து ஒரு பகுதி ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. அதில் 10 வருடப் பணிக்காலம் இருந்தால்தான் 58 வயதில் மாதாமாதம் ஓய்வூதியம் கிடைக்கும். 9 வருடம் 6 மாதம் ஆகிவிட்டால் அதை 10 ஆகவே எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் 9 வருடம் 3 மாதத்தில் நிற்கிறீர்கள். தையில் விட்டால் இரண்டு மாத வித்தியாசத்தில் அது கைநழுவிவிடும். இடையில் சம்பளம் இல்லாத நாட்கள் இருந்தால் அவற்றைக் கழித்துவிடுவார்கள், ஆகவே பாஸ்புக்கை இறக்கிப் பார்த்துவிட்டுப் பேப்பர் போடுங்கள். தொகை பெரிதாக இருக்காதுதான், ஆனால் தனியாகத் தொழில் செய்பவருக்கு 58 வயதில் வேறு யாரும் எதுவும் தரப்போவதில்லை.

5 வருடம் தாண்டிவிட்டதால் உங்களுக்குப் பணிக்கொடை உண்டு, பேசிக்கை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து வருடத்தால் பெருக்க வேண்டும். 14,000 பேசிக், 9 வருடம் என்றால் சுமார் 72,700 ரூபாய். பல பேர் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள், எழுத்து மூலம் கேளுங்கள். பிஎஃப் பணத்தை உடைத்துக் கருவி வாங்காதீர்கள், அது அங்கேயே கிடந்தால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

ஜிஎஸ்டி பற்றிப் பயமுறுத்துவார்கள். சேவைத் தொழிலுக்கு வருடத்துக்கு 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை. பதிவு செய்துவிட்டால் வேலையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், மறந்தால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தாமதக் கட்டணம் ஓடும். யாரோ ஒரு அபார்ட்மெண்டில் ஜிஎஸ்டி பில் கேட்டார்கள் என்பதற்காக ஓடிப்போய் எடுக்காதீர்கள். சிறுதொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு எடுங்கள், அது இலவசம். 2,000 கொடு, 3,000 கொடு என்று கேட்பவர்கள் அரசு ஆட்கள் இல்லை. வருமான வரிக் கணக்கு மட்டும் வரி வராவிட்டாலும் வருடாவருடம் போட்டுவிடுங்கள். சம்பளச் சீட்டு இல்லாத ஆளை வங்கி நம்புவது அந்தக் காகிதத்தை வைத்துத்தான், வீட்டுக் கடனுக்குப் போனால் இரண்டு மூன்று வருடத்துக் கணக்குக் கேட்பார்கள்.

திரும்பிவந்தவன்:

நான் திருப்பூர். இரண்டரை வருடம் தனியாக இருந்துவிட்டு மறுபடி வேலைக்கே வந்துவிட்டேன், அதையும் ஒருத்தன் சொல்ல வேண்டும் இல்லையா.

வேலை தெரியாமல் இல்லை. ஆறு மாதத்தில் ஒரு கட்டடக்காரர் பழக்கமானார், 24 ஃப்ளாட்டுக்குப் பைப் இழுக்கிற வேலை கொடுத்தார். ஒரே இடத்தில் வேலை, அலைச்சல் கிடையாது, சொர்க்கம் என்று நினைத்தேன். செம்புக் குழாய் முழுவதையும் என் பெயரில் கடையில் கடன் சொல்லி எடுத்தேன். முதல் இரண்டு பில் வந்தது. மூன்றாவது பில்லுக்கு இன்று நாளை என்று ஏழு மாதம் இழுத்தார். கடைக்காரர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார், மனைவியின் வளையலை வைத்துத்தான் அடைத்தேன். 2006-ஆம் வருடச் சிறுதொழில் சட்டத்தில் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்கூட 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி என்றெல்லாம் இருக்கிறது, எனக்கு அப்போது உத்யம் பதிவு கிடையாது. இருந்திருந்தாலும் புகார் கொடுத்திருப்பேனா? அவர் மூலமாகத்தான் அடுத்த இரண்டு வேலை வரவேண்டியிருந்தது. கடைசியில் பாதிதான் வந்தது.

யாரும் சொல்லாத இன்னொன்று. எனக்குப் பிடித்தது வேலை, பிடிக்காதது பணம் கேட்பது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஃபோனை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தராக “சார், அந்த பேலன்ஸ்” என்று ஆரம்பிக்கும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த நாக்கு எனக்கு வரவே இல்லை. இப்போது ஒரு மில்லில் காற்றின் ஈரப்பதத்தைக் காக்கிற ஹ்யூமிடிஃபிகேஷன் பிளாண்ட் பார்க்கிறேன், 1-ஆம் தேதி சம்பளம் வருகிறது, நிம்மதியாகத் தூங்குகிறேன். உங்களுக்கு அந்த நாக்கு இருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை வேலைகளிலேயே தெரிந்துவிடும். அந்த 11,000-இல் ஏதாவது பாக்கி நின்றதா?

பீளமேட்டு அக்கா:

எங்கள் வீட்டுக்காரர் பிளம்பிங், எட்டு வருடமாகத் தனியாக. தம்பி, நான் உங்கள் மனைவி பக்கம் நின்று சொல்கிறேன். முதல் இரண்டு வருடம் கையில் பணம் வந்த அன்று பிரியாணி, வராத வாரம் எதிர்வீட்டில் கைமாற்று என்று ஓடியது. ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் வரும், மோட்டார் ஓடவில்லை என்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பி நிற்கும்போது வரும். எடுக்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்ற பயத்திலேயே எடுப்பார்.

கணக்கு என் கைக்கு வந்த பிறகுதான் வீடு வீடாக ஆனது. தொழில் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, ஜிபே அதில்தான். ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி அதிலிருந்து வீட்டுக் கணக்குக்கு 22,000 மாற்றுவேன், அதுதான் அவர் சம்பளம். நல்ல மாதமானாலும் அவ்வளவுதான், மிச்சம் அங்கேயே கிடக்கும், மழை மாதத்தில் அதிலிருந்துதான் வரும். ஆரம்பத்தில் “என் காசுக்கு நீ சம்பளம் போடுகிறாயா” என்று சண்டை போட்டார். இப்போது அவரே 1-ஆம் தேதி ஞாபகப்படுத்துகிறார்!

இஎஸ்ஐ போய்விடும் என்பதை மறக்காதீர்கள், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இனி தனியார் ஆஸ்பத்திரிச் செலவுதான். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்த பிறகு வேலையை விடுங்கள். நீங்கள் மூன்றாவது மாடியில் அவுட்டோர் யூனிட் மாட்டுகிற ஆள், வருடத்துக்கு 20 ரூபாயில் வங்கியிலேயே 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறது, அதைப் போடாமல் ஏணியில் ஏறாதீர்கள்.

சிங்காநல்லூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பாஸ்புக்கை இறக்கிப் பார்த்தேன். 2020 லாக்டவுனில் இரண்டு மாதம் சம்பளமே போடவில்லை, அதைக் கழித்தால் 9 வருடம் 6 மாதம் வரும்போது மே கடைசி ஆகிவிடுகிறது. அப்போது சீசன் முடிந்துவிடும். ஜூனில் தொடங்கினால் ஏழெட்டு மாதம் ஈ ஓட்ட வேண்டும், அதனால் இந்தத் தடவை வேண்டாம், அடுத்த பிப்ரவரிக்குத் தள்ளிப்போட்டுவிட்டேன். வீட்டில் சொன்னதும் முகம் மலர்ந்தது. மாமனாரிடம் இன்னும் சொல்லவில்லை, ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

திருப்பூர் அண்ணா கேட்டதற்கு: ஆமாம், 11,000-இல் 1,800 இன்னும் வரவில்லை. நான் அதை வந்ததாகவே எழுதி வைத்திருந்தேன். ஒரு கேள்வி, தெரிந்தவர் ஒருவர் பைப்பிலிருந்து காற்றை இழுக்கிற பழைய வாக்குவம் பம்ப்பும் கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜ் செட்டும் 6,000-க்குத் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

பழைய கேஜ்:

கேஜ் எந்தக் காலத்தது என்று பார். ஆர்22 என்ற பழைய ஏசி கேஸ் காலத்துச் செட்டாக இருந்தால் வேண்டாம், அதற்குப் பின் வந்த கேஸ்களான 410ஏ-வும் ஆர்32-வும் அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அழுத்தத்தில் ஓடுகிறவை, ஹோஸ் தாங்காது. பம்ப்பை ஓடவிட்டு வாங்கு, எவ்வளவு வாக்குவம் இழுக்கிறது என்று பார்க்காமல் காசு கொடுக்காதே. அந்தக் காசுக்குக் கேஸை நிறுத்து ஏற்ற நல்ல எடை மெஷின் வாங்கினாலும் தப்பில்லை, ஆர்32-வை அழுத்தம் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றுகிறவன் எல்லாம் ரிப்பீட் காலுக்குப் போய்க்கொண்டேதான் இருப்பான்.

மார்ச்சிலிருந்து எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆள் வேண்டும். நாளுக்கு 1,200 தருகிறேன், சாயங்காலமே கையில். கஸ்டமரிடம் பணம் கேட்பதை நீதான் செய்ய வேண்டும், நான் ஆட்டோவில் உட்கார்ந்திருப்பேன். சம்மதம் என்றால் தனிச்செய்தியில் நம்பர் போடு.