நைன் டிராக் டேப் ரீல்கள்: டிரைவில் ஏற்றும் முன் என்ன செய்யணும்?

சுருள்பெட்டி:
அரை அங்குல அகல நைன் டிராக் ரீல்கள், அதாவது பழைய பெரிய கம்ப்யூட்டர்களின் டேட்டாவை ஒன்பது தடங்களில் பதிந்த காந்த நாடாக்கள், 26 கைக்கு வந்திருக்கு. பத்தரை அங்குல விட்டம், 2400 அடி, 1600 பிபிஐ (அங்குலத்துக்கு 1600 பைட்). லேபிளில் 1979 முதல் 1986 வரை தேதி. சென்னையில் இரும்பு பீரோவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்திருந்தாங்க. ஒரு ரீல் பிரிக்கும்போது ஒட்டிக்கிட்டே வருது, இரண்டின் விளிம்பில் வெள்ளைப் படிவு. படிக்கிற டிரைவ் கிடைக்கும். ஓட்டிப் பார்க்கலாமா?

பழுப்புத்தூள்:
ஒட்டுற ரீலை ஏற்றவே ஏற்றாதீங்க. டேட்டா பதிந்திருக்கிற ஆக்சைடு துகளை டேப்பில் பிடித்திருக்கிற பாலியூரித்தேன் பைண்டர் காற்றின் ஈரத்தைக் குடித்துச் சிதைஞ்சிருக்கு. ஓட்டினா பழுப்புப் பசை டேப்பைப் படிக்கிற ஹெட்டில் அப்பும், டேப் கீச்சிடும், கடைசியில் ஆக்சைடே பெயர்ந்துவிடும். அங்கே இருந்த டேட்டா திரும்ப வராது.

அந்த ஈரம் போக, ஒட்டுற ரீலை 54 டிகிரி செல்சியஸில் குறைந்தது 8 மணி நேரம் வைக்கணும். ஃபேன் உள்ள இன்குபேட்டரோ உணவு உலர்த்தும் டிஹைட்ரேட்டரோ போதும். அதன் முள்ளை நம்பாம தனித் தெர்மாமீட்டர் வையுங்க. சமையல் அவன் வேண்டாம், சூடு எகிறிடும். மைக்ரோவேவ் பக்கமே போகாதீங்க. அறைச் சூட்டுக்குத் தானா ஆறினபிறகு ஓட்டலாம். பலன் சில வாரம்தான், அதற்குள் படிச்சிடணும்.

வெள்ளைப் படிவை லென்ஸில் பாருங்க. நூல் நூலா இருந்தா பூஞ்சை. அந்த இரண்டையும் தனியே உலரவிட்டு, முகக்கவசத்தோட வெளியில் வைத்துத் துடையுங்க.

ரிங்கைக்கழற்று:
மேலே சொன்னது ஒட்டுற ரீலுக்கு மட்டும். நல்லா இருக்கிறதையும் சேர்த்துச் சூடேற்றுறது வீண் வேலை. அசிட்டேட் டேப்பை, அதாவது வினிகர் வாடை வருகிற பழைய ரகத்தை, சூடேற்றவே கூடாது. உங்க ஆண்டுகளுக்கு பாலியெஸ்டராத்தான் இருக்கும், இருந்தாலும் மோந்து பாருங்க.

முதல் வேலை, ரீலின் பின்பக்கப் பள்ளத்தில் இருக்கிற பிளாஸ்டிக் ரைட் ரிங்கைக் கழற்றுறது. ரிங் இல்லேன்னா டிரைவ் எழுதாது. அடுத்து, டேப்பின் ஆரம்பத்தில் இருக்கிற வெள்ளிநிற ஒட்டு. பழைய பசை விட்டிருந்தா அது உதிர்ந்துபோய், டிரைவுக்கு எங்கே ஆரம்பம்னே தெரியாது.

படிக்கும்போது பிளாக் (ஒரே தடவையில் எழுதின டேட்டாத் துண்டு) நீளமும் டேப் மார்க்கும் (கோப்பு முடிவைக் காட்டுற குறி) அப்படியே பதியற இமேஜா, அதாவது டேப்பின் முழு நகல் கோப்பா எடுங்க. எப்சிடிக்கை (ஐபிஎம் பெரிய கம்ப்யூட்டர்களின் எழுத்துக் குறியீடு) ஆஸ்கியா (மற்ற கம்ப்யூட்டர்களில் பரவலான குறியீடு) மாற்றுறது பிறகு. இமேஜ் சின்னதா வந்தா பதறாதீங்க: 80 பைட் ரெக்கார்டைத் தனித்தனியா எழுதியிருந்தா இடையில் 0.6 அங்குல இடைவெளியே டேப்பைத் தின்னும். 2400 அடியிலும் மூன்றரை எம்பிதான் தேறும். ஒவ்வொரு ரீலுக்குப் பிறகும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைக்கணும்.

சுருள்பெட்டி:
சரி, அதுவரைக்கும் எப்படி வைக்கிறது?

பழுப்புத்தூள்:
நிமிர்த்தி. படுக்கவைத்தா சுற்று சரிந்து, தட்டில் உரசி விளிம்பு மடங்கும். ஓரத் தடங்கள்தான் முதல்ல போகும். 18–20 டிகிரி, ஈரப்பதம் 30–40 சதவீதம். பகலில் ஏசி, இரவில் அணைப்புங்கிறது மோசம்: ஏறி இறங்குற சூட்டில் சுற்று தளர்ந்துபோகும். ஃப்ரிட்ஜ் ஃப்ரீசரிலும் வேண்டாம். ரப்பர் பேண்டு, ஸ்பாஞ்ச் இரண்டையும் எடுத்துடுங்க, நாளானா உருகி ஒட்டிக்கும்.